ஊருக்குப் பக்கத்தில் காற்றாலை விண்ணப்பம்: இங்கிலாந்தில் எந்த ஆட்சேபம் எடுபடும்?

கேள்வி: இங்கிலாந்தில் ஒரு கிராமத்தில் குடியிருக்கிறோம். எங்கள் வீட்டிலிருந்து சுமார் 700 மீட்டரில் 3 காற்றாலைகள் நிறுவ கவுன்சிலில் விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். இறக்கை நுனி வரை உயரம் 149.9 மீட்டர். ஊரில் கையெழுத்து வாங்குகிறார்கள். வீட்டு விலை விழுந்துவிடும் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். இதனால் நிறுத்த முடியுமா? வேறு என்ன செய்ய வேண்டும்?

பதில்:

கையெழுத்துத் தாளை மட்டும் வைத்து நிறுத்துவது கடினம். வீட்டு விலையைச் சொல்லி நிறுத்தவே முடியாது. பிளானிங் முடிவில் அது கணக்கிலேயே வராது. ஆனால் நீங்கள் கொடுத்திருக்கும் இரண்டு எண்களுக்குள்ளேயே, அந்த 700-க்குள்ளும் 149.9-க்குள்ளும், கேட்கவேண்டிய நல்ல கேள்விகள் நாலைந்து இருக்கின்றன. அவற்றைச் சரியாகக் கேட்டால் காற்றாலையின் இடம் தள்ளிப் போகலாம், மூன்று இரண்டாகலாம், இரவில் ஓடும் முறை மாறலாம், சில சமயம் விண்ணப்பமே மறுக்கப்படலாம். ஊர்க்காரர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்: மனதில் உள்ள கவலை நியாயமாக இருக்கும், எழுதிக் கொடுக்கும் காரணம் செல்லாததாக இருக்கும்.

"ஒருத்தர் எதிர்த்தாலே போதும், காற்றாலை வராது" என்று ஊரில் யாராவது சொல்லியிருப்பார்கள். அது பழைய நிலைமை. 2015 ஜூன் 18-இல் வந்த அமைச்சர் அறிக்கைப்படி, உள்ளூர்த் திட்டத்தில் காற்றாலைக்கு ஏற்ற இடம் என்று குறித்திருக்க வேண்டும். பாதிக்கப்படும் மக்கள் எழுப்பிய பிரச்சினைகள் முழுவதும் தீர்க்கப்பட்டு, அவர்கள் ஆதரவும் இருக்க வேண்டும். அந்த நிபந்தனையால் இங்கிலாந்தில் நிலத்துக் காற்றாலைகள் ஏறக்குறைய நின்றே போயின. 2023 செப்டம்பரில் கொஞ்சம் தளர்த்தினார்கள். 2024 ஜூலை 8-இல் புதிய அரசு அதை முழுவதும் எடுத்துவிட்டது. 2024 டிசம்பரில் வந்த தேசிய பிளானிங் கொள்கைச் சட்டகம் இன்னும் ஒரு படி மேலே போகிறது: மின்சாரம் தேவையா என்று நிரூபிக்கும்படி விண்ணப்பதாரரைக் கேட்கக் கூடாது, புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தின் நன்மைக்குக் கணிசமான எடை கொடுக்க வேண்டும். ஆகவே "கடலில் வைக்கலாமே", "காற்றாலையே வீண் செலவு" என்றெல்லாம் எழுதுவது காகிதத்துக்குக் கேடு. தராசின் ஒரு தட்டில் எடை ஏற்கெனவே வைத்தாயிற்று. மற்றத் தட்டில் உங்கள் ஊருக்கே உரிய, அளந்து காட்டக்கூடிய பாதிப்பை வைக்க வேண்டும்.

2025 டிசம்பர் 31 முதல் 100 மெகாவாட்டுக்கு மேற்பட்ட திட்டங்கள் தேசிய உள்கட்டமைப்பு வழியில் அமைச்சரிடம் போகின்றன. மூன்று காற்றாலை என்றால் தலைக்கு 4 மெகாவாட் வைத்தாலும் மொத்தம் 12தான். முடிவு உங்கள் கவுன்சிலுடையது. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் விதிகள் வேறு. கீழே சொல்வது இங்கிலாந்துக்கு.

தமிழர்களுக்கு இதில் ஒரு பழக்க வித்தியாசம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் காற்றாலை வந்தபோது ஊரைக் கேட்கும் கட்டாயம் இருக்கவில்லை. இந்தியாவின் 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க அறிவிக்கையின் பட்டியலில் காற்றாலை இன்றும் இல்லை. மன்னாரில் 2025 ஆகஸ்டில் மக்கள் வீதியில் இறங்கி நின்ற பிறகுதான் ஜனாதிபதி வேலையை ஒரு மாதம் நிறுத்தி வைத்தார். அங்கே கூட்டம்தான் குரல். இங்கே கூட்டத்துக்குச் சட்டப்படி எடை குறைவு. எழுதிக் கொடுத்த காரணத்துக்கு எடை அதிகம். பல கவுன்சில்களில் 400 பேர் போட்ட கையெழுத்துத் தாள் ஒரே ஒரு கடிதமாகப் பதிவாகும். அச்சடித்த ஒரே வாசகத்தை 80 பேர் அனுப்பினாலும் அதிகாரி அதை ஒரு காரணமாகவே சுருக்குவார். 80 பேர் தங்கள் தங்கள் வீட்டிலிருந்து தெரிவதையும் கேட்கப்போவதையும் தனித்தனியே எழுதினால் அப்படிச் சுருக்க முடியாது. கையெழுத்துத் தாளுக்கும் ஒரு பயன் உண்டு: சில கவுன்சில்களில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஆட்சேபம் வந்தால், அதிகாரி தனியாக முடிவெடுக்காமல் விண்ணப்பம் கமிட்டிக்குப் போகும். எத்தனை என்பது கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும். உங்கள் வார்டு கவுன்சிலருக்கும் கமிட்டிக்கு இழுக்கும் உரிமை இருக்கலாம். அதற்குக் காலக்கெடு உண்டு என்பதால் முதல் வாரமே அவரிடம் பேசுங்கள்.

நாட்கணக்கு இப்படி. கருத்துச் சொல்லக் குறைந்தது 21 நாள். சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையோடு வந்த விண்ணப்பம் என்றால் 30 நாள். இரண்டுக்கு மேற்பட்ட காற்றாலையோ, 15 மீட்டருக்கு மேற்பட்ட அச்சு உயரமோ (இறக்கைகள் சுழலும் நடு அச்சு தரையிலிருந்து இருக்கும் உயரம்) இருந்தால் அந்த அறிக்கை தேவையா என்று கவுன்சில் பரிசீலித்தே ஆக வேண்டும். தேவையில்லை என்று முடிவு செய்திருந்தால் அந்த முடிவுக் கடிதத்தை வாங்கிக் காரணத்தைப் படியுங்கள். அதே வரம்புக்குள் வரும் திட்டங்களில், விண்ணப்பம் போடுவதற்கு முன்பே ஊரைக் கலந்து பேசியிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் 2013 டிசம்பரிலிருந்து இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் ஊர் சொன்னது என்ன, அதற்காக எதை மாற்றினார்கள் என்று ஓர் அறிக்கை விண்ணப்பத்தோடு இருக்கும். சொன்னது ஒன்று, எழுதியிருப்பது வேறு என்றால் அதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள். கவுன்சில் முடிவெடுக்க 13 வாரம், தாக்க அறிக்கை இருந்தால் 16 வாரம். நடைமுறையில் இரு தரப்பும் ஒப்புக்கொண்டு நீட்டிப்பார்கள். இடையில் புதிய ஆவணம் வந்தால் மறுபடியும் கருத்துக் கேட்பார்கள், அந்த இரண்டாவது சுற்றை ஊர்க்காரர்கள் பலரும் தவறவிடுகிறார்கள்.

கவுன்சில் இணையதளத்தில் விண்ணப்ப எண்ணைப் போட்டால் நூறு கோப்புகள் வரும். பொதுமக்களுக்கான சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு எழுதாதீர்கள். சரக்கு பின்னிணைப்புகளில் இருக்கிறது. ஐந்து பேர் சேர்ந்து சத்தம், காட்சி, வௌவாலும் பறவையும், பழைய கட்டடங்கள், சாலை என்று ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

சத்தம்

700 மீட்டரில் இதுதான் உங்கள் முதல் கவலையாக இருக்க வேண்டும். காற்றாலைக்கும் வீட்டுக்கும் இவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்று இங்கிலாந்துச் சட்டத்தில் நிலையான அளவு எதுவும் இல்லை. தூரத்துக்குப் பதிலாக டெசிபலை வைத்திருக்கிறார்கள். எட்சு-ஆர்-97 (ETSU-R-97) என்ற காற்றாலைச் சத்த வழிகாட்டிதான் அளவுகோல். பகலில் அமைதியான வேளைகளில் 35 முதல் 40 டெசிபல் வரை, அல்லது சுற்றுப்புறச் சத்தத்துக்கு மேல் 5 டெசிபல், இரண்டில் எது அதிகமோ அது. இரவில் 43, அல்லது அதே போல் கூட்டல் 5. திட்டத்தில் பண ஆதாயம் உள்ள வீட்டுக்கு 45. இவை எல்லாம் 10 நிமிட அளவீட்டில் 90 விழுக்காடு நேரம் தாண்டப்படும் ஒலி அளவு. சராசரி ஒலியைவிட இது சுமார் 2 டெசிபல் குறைவாக வரும். இரவு வரம்பு பகலைவிட அதிகமா என்று பலர் திகைப்பார்கள். தூங்குகிறவர் அறைக்குள் இருப்பார், திறந்த ஜன்னலே 10 டெசிபல் குறைக்கும் என்ற கணக்கில் வந்த எண் அது. இந்த வழிகாட்டியைப் புதுப்பிக்க 2025-இல் அரசு ஒரு வரைவு வெளியிட்டது. ஆகவே விண்ணப்பம் எந்த முறையில் கணக்கிட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

இந்த அளவுள்ள மூன்று காற்றாலைகள் 700 மீட்டரில் தரும் கணிப்பு பெரும்பாலும் 35-க்கும் 40-க்கும் நடுவில் விழும். அப்படியானால் பகல் வரம்பு 35-ஆ 40-ஆ என்ற தேர்வில்தான் உங்கள் வழக்கே இருக்கிறது. அந்தத் தேர்வுக்கு வழிகாட்டி மூன்று காரணங்களைச் சொல்கிறது: அருகில் எத்தனை வீடுகள், வரம்பு குறைந்தால் மின் உற்பத்தி எவ்வளவு குறையும், மக்கள் எவ்வளவு நேரம் எந்த அளவுக்குக் கேட்க நேரும். விண்ணப்பதாரர் 40-ஐ எடுத்துக்கொண்டு காரணம் சொல்லாமல் விட்டிருந்தால், "3 காற்றாலைக்கு 40 ஏன்? 35 வைத்தால் உற்பத்தி எத்தனை விழுக்காடு குறையும்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அதிகாரி பதில் வாங்கியே ஆக வேண்டும்.

அடுத்து, சுற்றுப்புறச் சத்தத்தை எப்படி அளந்தார்கள் என்பது. கூட்டல் 5 என்ற விதி இருப்பதால், ஒலிவாங்கியைச் சலசலப்பான இடத்தில் வைத்தால் வரம்பு தானாக ஏறிவிடும். பின்னிணைப்பில் ஒலிவாங்கி வைத்த இடத்தின் புகைப்படம் இருக்கும். அதை உற்றுப் பாருங்கள். பக்கத்தில் ஓடை இருக்கிறதா? பாய்லர் குழாய் வாய் சுவரில் தெரிகிறதா? இலை அடர்ந்த மரத்தடியா? கோடையில் அளந்துவிட்டு, இலை உதிர்ந்த குளிர்காலத்துக்கும் அதே எண்ணை வைத்திருக்கிறார்களா? வீட்டுச் சுவரிலிருந்து குறைந்தது 3.5 மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1.2 முதல் 1.5 மீட்டர் உயரத்தில், மக்கள் உண்மையில் உட்காரும் தோட்டப் பகுதியில் வைத்திருக்க வேண்டும். ஒலியியல் நிறுவனத்தின் 2013 நற்செயல் வழிகாட்டிப்படி பகலுக்கும் இரவுக்கும் தலா 200 செல்லுபடியான அளவீடுகள், ஒவ்வொரு 1 மீட்டர்/வினாடி காற்று வேகத்துக்கும் குறைந்தது 5 அளவீடுகள் தேவை. மழை பெய்த நேரத்தை நீக்கியிருக்க வேண்டும். புள்ளிவிளக்கப் படத்தில் புள்ளிகள் இல்லாத இடத்தில் வளைகோட்டை இழுத்திருந்தால் அதை வட்டமிட்டுக் காட்டுங்கள்.

கணிப்பில் பார்க்கவேண்டியவை இன்னும் சில. தரைக் குணகம் (தரை ஒலியை எவ்வளவு உறிஞ்சும் என்பதைக் குறிக்கும் எண்) 0.5, கேட்பவர் உயரம் 4 மீட்டர் என்று எடுத்திருக்க வேண்டும். காற்றாலைக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவில் பள்ளத்தாக்கு இருந்தால் 3 டெசிபல் கூட்ட வேண்டும்; இதை விட்டுவிடும் அறிக்கைகள் உண்டு. எந்த மாடல் காற்றாலையை வைத்துக் கணக்கிட்டார்கள், கடைசியில் வேறு மாடல் வாங்கினால் என்ன ஆகும் என்று கேளுங்கள். 45 டெசிபல் வரம்பு கொடுத்த வீட்டில் குடியிருப்பவர் நில உரிமையாளரா, வெறும் வாடகைக்காரரா என்பதையும் பாருங்கள். ஆதாயமே இல்லாத குடும்பத்துக்குக் கூடுதல் சத்தத்தை எழுதி வைப்பது அநியாயம்.

பல கவுன்சில்களில் காற்றாலைச் சத்தம் தெரிந்த அதிகாரி இருப்பதில்லை. விண்ணப்பதாரர் செலவில் சுயேச்சையான ஒலியியல் நிபுணரை வைத்து அறிக்கையைச் சரிபார்க்கும்படி சுற்றுப்புற சுகாதார அதிகாரிக்கு எழுதுங்கள். ஊர் செய்யக்கூடியவற்றில் மிகவும் பலன் தருவது இந்த ஒரு கடிதம் என்பேன்.

149.9 எதற்கு?

150 மீட்டரும் அதற்கு மேலும் போனால் விமானப் பாதுகாப்புக்காக இரவில் சிவப்பு விளக்கு கட்டாயம். அந்தப் பத்து சென்டிமீட்டரில் விளக்கு தவிர்க்கப்படுகிறது. அதில் தவறில்லை, உங்களுக்கும் நல்லதே. ஆனால் அனுமதி கிடைத்த பிறகு உயரத்தைக் கூட்ட மறுபடி விண்ணப்பம் வரலாம் என்பதை நினைவில் வையுங்கள். இன்னொரு விளைவும் உண்டு. உயரத்தை அடக்கிக்கொண்டு பெரிய இறக்கை வைக்கும்போது இறக்கை நுனி தரைக்கு நெருங்கி வருகிறது. சுழல்விட்டம், அதாவது இறக்கைகள் சுழலும் வட்டத்தின் விட்டம், 136 மீட்டர் என்று வையுங்கள்: அச்சு 81.9 மீட்டரில், இறக்கை நுனி கீழே வரும்போது தரைக்கும் அதற்கும் 14 மீட்டர்தான். செடிவேலி ஓரமாகப் பறக்கும் வௌவாலுக்கு அது ஆபத்தான உயரம்.

இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள், பள்ளிக்கூடப் பிதாகரஸ்தான். இயற்கைப் பாதுகாப்பில் அரசுக்கு ஆலோசனை சொல்லும் நேச்சுரல் இங்கிலாந்து அமைப்பின் குறிப்புப்படி, இறக்கை நுனிக்கும் அருகிலுள்ள மரம் அல்லது வேலிக்கும் நடுவில் 50 மீட்டர் இடைவெளி வேண்டும். இது தரையில் அளக்கும் தூரம் இல்லை, நுனியிலிருந்து மர உச்சிக்கு. இறக்கை ஆரம் 68-உடன் 50 கூட்டினால் 118. அதன் வர்க்கம் 13,924. அச்சு உயரத்திலிருந்து மர உயரத்தைக் கழியுங்கள்: 15 மீட்டர் ஓக் மரம் என்றால் 66.9, வர்க்கம் சுமார் 4,476. கழித்து வர்க்கமூலம் எடுத்தால் 97 மீட்டர். 3 மீட்டர் வேலி என்றால் 88 மீட்டர். ஆக, கோபுரத்தின் நடுவிலிருந்து தரையில் அத்தனை தூரத்துக்குள் மரமோ வேலியோ இருக்கக் கூடாது. இட வரைபடத்தில் அளவுகோலை வைத்துப் பாருங்கள். 50 மீட்டரைத் தரையிலேயே அளந்துவிட்டு "சரி" என்று போட்ட வரைபடமாக இருந்தால் அகப்பட்டுவிடும்.

அதோடு சேர்த்துப் பார்க்கவேண்டியது 'மைக்ரோ-சைட்டிங்' என்ற சொல். தோண்டும்போது பாறையோ ஈரமண்ணோ வந்தால் காற்றாலையைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்ள அனுமதி கேட்பார்கள், பெரும்பாலும் 50 மீட்டர் வரை. வரைபடத்தில் வேலியிலிருந்து 90 மீட்டரில் இருப்பது 40-க்கு வந்துவிடலாம். உங்கள் வீடு 700-இலிருந்து 650 ஆகலாம். ஒலியில் அது அரை டெசிபலுக்குச் சற்று மேல்தான், ஆனால் கணிப்பு வரம்பை ஒட்டியே இருந்தால் அதுவும் போதும், மீறிவிடும். வீட்டுப் பக்கமும் வேலிப் பக்கமும் நகர்த்தக் கூடாது என்று நிபந்தனை கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுகிறார்கள், கேட்பவர்தான் குறைவு.

காட்சி

"எங்கள் ஜன்னல் காட்சி கெடுகிறது" என்று எழுதினால் தள்ளிவிடுவார்கள், தனி ஒருவரின் காட்சிக்கு உரிமை இல்லை. ஆனால் ஒரு வீட்டைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் காற்றாலை கவிந்து நின்று, அந்த வீடு யார் பார்த்தாலும் வாழ்வதற்கு விரும்பத்தகாத இடமாகிவிடும் என்றால், அது தனிக் காட்சியைத் தாண்டிப் பொது நலக் காரணமாகிவிடுகிறது. மேல்முறையீடுகளை விசாரிக்கும் பிளானிங் ஆய்வாளர் ஒருவர் வகுத்த இந்த அளவை அவர் பெயராலேயே லாவெண்டர் சோதனை என்கிறார்கள். அதற்கான ஆய்வு விண்ணப்பத்தில் இருக்கிறதா, உங்கள் வீடு அதில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மூன்று காற்றாலைகளும் உங்கள் பார்வையில் எத்தனை பாகை அகலத்தை அடைக்கின்றன, உட்காரும் அறையும் தோட்டமும் அந்தப் பக்கமா என்பவை கடிதத்தில் வர வேண்டும்.

கணினியில் காற்றாலையை ஒட்டிக் காட்டும் படங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அவை 50 மில்லிமீட்டர் லென்ஸில் எடுத்து, 820 மில்லிமீட்டர் அகலம், 260 மில்லிமீட்டர் உயரத்தில் அச்சிட்டு, கை நீட்டிய தூரத்தில் பிடித்துப் பார்க்க வேண்டியவை. ஸ்காட்லாந்தின் வழிகாட்டி அப்படித்தான் சொல்கிறது, இங்கிலாந்திலும் அதையே பின்பற்றுகிறார்கள். கைபேசியில் பார்த்தால் 150 மீட்டர் கோபுரம் தீக்குச்சி அளவுக்கு வந்துவிடும். பாரிஷ் கவுன்சில் (கிராம அளவிலான கவுன்சில்) மூலம் அச்சுப் பிரதி கேளுங்கள், அதை அதே இடத்துக்குக் கொண்டுபோய் நின்று பாருங்கள். படம் எடுத்த இடம் மரத்துக்குப் பின்னாலா, பத்தடி நகர்ந்தால் திறந்த வெளியா என்பது அப்போதுதான் தெரியும். பொது நடைபாதை, பள்ளி வாசல், தேவாலய முற்றம் என்று விடுபட்ட இடங்களைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

பழைய கட்டடம்

ஊரில் பாதுகாக்கப்பட்ட கட்டடம் இருந்தால் இது வலுவான காரணம். நார்தாம்ப்டன்ஷயரில் லைவ்டன் நியூ பீல்ட் என்ற பழைய மாளிகைக்கு அருகே 4 காற்றாலைகளுக்கு மேல்முறையீட்டில் அனுமதி கிடைத்தது. உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது, 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. பாதுகாக்கப்பட்ட கட்டடத்தின் சூழலைக் காப்பதற்குக் கணிசமான எடை கொடுக்க வேண்டும் என்று 1990 சட்டம் சொல்வதை ஆய்வாளர் சரியாகச் செய்யவில்லை என்பதே காரணம். உங்கள் கடிதத்தில் கட்டடத்தின் பெயர், தரம், எங்கிருந்து பார்க்கும்போது காற்றாலை அதன் பின்னால் எழும் என்பதை எழுதுங்கள். "பாரம்பரியம் அழியும்" என்ற பொது வாசகம் உதவாது.

நிழல் வெட்டு பற்றி: சூரியன் தாழ்ந்திருக்கும்போது சுழலும் இறக்கையின் நிழல் ஜன்னலில் விட்டு விட்டு விழும். இங்குள்ள அட்சரேகையில் காற்றாலையிலிருந்து வடக்குத் திசைக்கு இரு புறமும் 130 பாகைக்குள், சுழல்விட்டத்தின் 10 மடங்கு தூரம் வரை இதை ஆராய வேண்டும். 136 மீட்டருக்கு அது 1,360. உங்கள் வீடு அந்தத் தூரத்துக்குள் வருகிறது. இதற்காக விண்ணப்பத்தை மறுக்கமாட்டார்கள், ஏனென்றால் அந்த நிமிடங்களில் காற்றாலையை நிறுத்தும் கருவி உண்டு. அந்தக் கருவியை நிபந்தனையாக்கக் கேளுங்கள்.

சாலை விஷயத்தில், 60 மீட்டருக்கு மேல் நீளமுள்ள இறக்கை உங்கள் ஊர் வளைவில் திரும்ப எந்த வேலியை வெட்டுவார்கள் என்பதும், அடித்தளக் கான்கிரீட் ஊற்றும் நாளில் எத்தனை லாரி வரும் என்பதும் கேட்கவேண்டியவை. ஓர் அடித்தளத்துக்கே பல நூறு கன மீட்டர் போகும், இடையில் நிறுத்தாமல் ஊற்ற வேண்டும். 500 கன மீட்டரை 7 கன மீட்டர் லாரியில் கொண்டுவந்தால் எழுபது நடைக்கு மேல், திரும்பிப் போவது வேறு. பள்ளி விடும் நேரத்தில் வேண்டாம் என்பது நியாயமான நிபந்தனை. ராடார், விமானம் தொடர்பான எதிர்ப்பைப் பாதுகாப்பு அமைச்சகமும் விமானத்துறையும் பார்த்துக்கொள்ளும். ஊர் அதில் நேரம் செலவிட வேண்டாம்.

பணம் தருகிறேன் என்றால்

மெகாவாட்டுக்கு ஆண்டுக்கு 5,000 பவுண்டு ஊர் நிதியாகத் தருவது இந்தத் தொழிலில் வழக்கம். 12 மெகாவாட் என்றால் உங்கள் ஊருக்கு ஆண்டுக்கு 60,000 பவுண்டு வரும். அதை வாங்குவதா வேண்டாமா என்பது ஊர் முடிவு. வாங்க ஒப்புக்கொண்டாலும் ஆட்சேபிக்கும் உரிமை போகாது. ஆனால் அனுமதி கொடுக்க அந்தப் பணத்தை ஒரு காரணமாகக் கவுன்சில் எடுத்துக்கொள்ளக் கூடாது. க்ளஸ்டர்ஷயரில் ஒரே ஒரு 500 கிலோவாட் காற்றாலைக்கு, வருமானத்தில் 4 விழுக்காடு ஊருக்கு என்பதைக் கணக்கில் எடுத்து அனுமதி கொடுத்தார்கள். உள்ளூர்க்காரர் ஒருவர் வழக்குப் போட்டார். 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வரை போய் அந்த அனுமதி ரத்தானது. அதிகாரியின் அறிக்கையில் ஊர் நிதி பற்றி ஒரு வரி இருந்தால் அது எந்த இடத்தில், எந்த எடையோடு வருகிறது என்று கவனமாகப் படியுங்கள்.

கடிதமும் கமிட்டியும்

கடிதத்தின் தலைப்பில் விண்ணப்ப எண், உங்கள் பெயர், முகவரி, தூரம். "ஆட்சேபிக்கிறேன்" என்று முதல் வரியிலேயே எழுதுங்கள், கருத்துச் சொல்கிறேன் என்றால் நடுநிலைக் கணக்கில் போய்விடும். பெயரில்லாத கடிதத்தை ஒதுக்கிவிடுவார்கள். ஒவ்வொரு காரணத்துக்கும் மூன்று பகுதிகள் போதும்: அறிக்கையின் எந்தப் பக்கத்தில் என்ன குறை, உள்ளூர்த் திட்டத்தின் எந்தக் கொள்கைக்கு அது முரண், அதனால் என்ன கேட்கிறீர்கள். உள்ளூர்த் திட்டத்தின்படியே முடிவெடுக்க வேண்டும், வேறு தகுந்த காரணம் இருந்தால் மட்டும் விலகலாம் என்பது 2004 சட்டம். ஆகவே கொள்கை எண்ணை எழுதிய ஆட்சேபத்தை அதிகாரி தாண்டிப் போக முடியாது. கடிதம் இணையத்தில் ஏறும் என்பதால் நோய், குழந்தைகளின் விவரம், பக்கத்து வீட்டுக்காரர் மேல் குற்றச்சாட்டு எதையும் எழுதாதீர்கள். நிலம் கொடுத்தவரும் உங்கள் ஊர்க்காரர்தான்; இந்த விவகாரம் முடிந்த பிறகும் ஒரே தெருவில் நடக்க வேண்டும்.

கமிட்டியில் ஆட்சேபிப்பவர்களுக்கு வழக்கமாக மொத்தமே 3 நிமிடம். ஒருவர் பேசட்டும், இரண்டே காரணம் பேசட்டும். அதிகாரியின் பரிந்துரை சில நாள் முன்பே வெளிவரும். அதில் தவறாகச் சொன்ன ஓர் எண்ணைத் திருத்திக் காட்டுவது, உணர்ச்சியோடு பேசுவதைவிட உறுப்பினர்களைச் சிந்திக்க வைக்கும்.

அதிகாரி அனுமதிக்கலாம் என்று சொல்லியும் கமிட்டி மறுத்தால் சந்தோஷப்படலாம், ஆனால் கதை முடியவில்லை. விண்ணப்பதாரர் 6 மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம். மறுப்புக்கான காரணத்தை ஆதாரத்தோடு நிறுவ முடியாவிட்டால் கவுன்சில் செலவுத்தொகை கட்ட நேரிடும். அந்தப் பயத்தில்தான் சில கவுன்சில்கள் பின்வாங்குகின்றன. ஊர் முன்வைத்த ஒலியியல் குறையும் வௌவால் கணக்கும் அப்போது கவுன்சிலுக்கே கைகொடுக்கும். பொது விசாரணை நடந்தால் 'விதி 6 தரப்பு' ஆகப் பதிவு செய்யுங்கள். சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை கிடைக்கும்.

மாறாக, அனுமதி கிடைத்துவிட்டால் ஊருக்கு மேல்முறையீடு கிடையாது. அயர்லாந்தில் மூன்றாம் தரப்புக்கு உண்டு, இங்கிலாந்தில் இல்லை. இது பெரிய ஏற்றத்தாழ்வுதான். மீதி இருப்பது நீதிமன்ற மறுஆய்வு: முடிவு வெளியான நாளிலிருந்து 6 வாரம். முடிவு நல்லதா கெட்டதா என்று நீதிமன்றம் பார்க்காது, சட்டப்படி எடுத்தார்களா என்று மட்டும் பார்க்கும். தோற்றால் கட்டவேண்டிய செலவுக்குச் சுற்றுச்சூழல் வழக்குகளில் உச்சவரம்பு உண்டு, வழக்கமாகத் தனிநபருக்கு 5,000 பவுண்டு, அமைப்புக்கு 10,000. 6 வாரம் கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். முடிவு வரும் முன்பே வழக்கறிஞர் யார் என்று தெரிந்து வைத்திருங்கள்.

நிபந்தனைகள் பற்றிக் கடைசியாக. "நிபந்தனை கேட்டால் அனுமதிக்கு ஒப்புக்கொண்டதாகிவிடும்" என்று நினைத்து ஊர்க்காரர்கள் அந்தப் பகுதியையே தொடுவதில்லை. அது தவறு. "மறுக்கும்படி கேட்கிறோம், ஆனாலும் அனுமதிப்பதாக இருந்தால்" என்று ஆரம்பித்து ஒரு பக்கம் எழுதலாம், ஆட்சேபம் பலவீனமாகாது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு காற்று வேகத்துக்கும் டெசிபல் அட்டவணை, புகார் வந்தால் இத்தனை நாளுக்குள் விண்ணப்பதாரர் செலவில் சுயேச்சையான அளவீடு, இறக்கை வீச்சோடு ஏறி இறங்கும் 'வூஷ்' ஒலிக்குத் தனி நிபந்தனை, 12 மாதம் ஓடாத காற்றாலையை அகற்றுவது, அகற்றும் செலவுக்கு முன்கூட்டியே வைப்புத்தொகை ஆகியவை அதில் வர வேண்டும்.

காற்றாலை ஓட ஆரம்பித்த பிறகு தொந்தரவு இருந்தால் இந்த அட்டவணைதான் உங்கள் கையில் இருக்கும் ஆயுதம். ஒரு நோட்டில் தேதி, மணி, காற்று எந்தப் பக்கமிருந்து, ஜன்னல் திறந்ததா மூடியதா, எந்த அறை, எவ்வளவு நேரம் என்று எழுதி வாருங்கள். காற்றாலை தன் இயக்கப் பதிவை 10 நிமிடத்துக்கு ஒரு முறை சேமிக்கிறது. உங்கள் நோட்டில் மணி சரியாக இருந்தால் அந்தப் பதிவோடு வரிக்கு வரி ஒப்பிடலாம். "ராத்திரி முழுக்கச் சத்தம்" என்று எழுதினால் ஒப்பிட முடியாது, "2.40 முதல் 3.15 வரை, தென்மேற்குக் காற்று, பின் படுக்கையறை" என்று எழுதினால் முடியும்.